முன்பல் உடைந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நான்காம் வகுப்பு படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் கிரிக்கெட் ஆடும்போது வழுக்கி விழுந்து, நிறுத்தியிருந்த பைக்கின் கம்பியில் வாய் மோதிவிட்டது. மேல் முன்பல் ஒன்று குறுக்கே பாதி உடைந்துவிட்டது. உதட்டிலும் ரத்தம். மாமியார் உதட்டில் காபித்தூள் வைத்து அமுக்கினார், பல்லில் பஞ்சால் கிராம்புத் தைலம் தொட்டு வைத்தார். கணவர் டார்ச் அடித்துத் தேடி உடைந்த துண்டை எடுத்துவிட்டார். அதை டிஷ்யூ பேப்பரில் மடித்து பீரோவில் வைத்திருக்கிறோம். எதிர்வீட்டு அண்ணன், "ஃபெவிக்விக் போட்டா ஒட்டிக்கும்" என்றார். பயந்துகொண்டு அதைச் செய்யவில்லை. பையன் வலி இல்லை என்றதால் டாக்டரிடமும் போகவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை. ஐஸ் வாட்டர் குடித்தால் சுள்ளென்கிறது என்கிறான். அந்தத் துண்டை ஒட்ட முடியுமா? இல்லை, இந்தப் பல் விழுந்து வேறு பல் முளைக்குமா? ரூட் கேனால்தான் செய்வார்கள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். இனி இப்படி நடந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
— பெரம்பூர் வாசகி ஒருவர்

பதில்:

வணக்கம் அம்மா. மீதிப் பதிலை ராத்திரி படித்துக்கொள்ளலாம். இப்போது பையனைக் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் கிளம்புங்கள். கிளம்பும் முன் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றில் குடிதண்ணீர் ஊற்றி, அந்தத் துண்டை அதில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பீரோவில் காய்ந்து கிடந்ததே என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். காய்ந்த துண்டு வெளிறிப்போயிருக்கும், பசையும் சரியாகப் பிடிக்காது. அதனால் ஒட்டுவதற்கு முன் 20 நிமிடம் தண்ணீரிலோ சலைனிலோ ஊறவைப்பது வழக்கம். பெரம்பூரில் வண்டி எடுத்து கிளினிக் போய்ச் சேர்ந்து டோக்கன் வாங்குவதற்குள் அந்த ஊறல் முடிந்துவிடும்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரிக்கு வருகிறேன். கிராம்புத் தைலமோ காபித்தூளோ அல்ல. "வலி இல்லை என்றதால் போகவில்லை" என்பதுதான் அது. முன்பல் உடைந்த பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரில் பலர் இதையேதான் சொல்கிறார்கள். வலியை வைத்து அவசரத்தை அளக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் அது சரியாக வரலாம். உடைந்த பல்லுக்கு வராது.

பல்லின் வெளிப்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது உப்பு. அதில் உயிரணு இல்லை, உணர்ச்சியும் இல்லை. அதற்கு அடியில் இருப்பது டென்டின், கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் அதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. எல்லாம் பல்லின் நடுவில் இருக்கும் கூழில் போய் முடியும். நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது இந்தக் கூழைத்தான். நரம்போடு ரத்தக் குழாய்களும், பல்லை வளர்க்கும் உயிரணுக்களும் அதற்குள் இருக்கின்றன. ஐஸ் வாட்டர் பட்டதும் சுள்ளென்றால் டென்டின் திறந்து கிடக்கிறது என்று பொருள். குளிர்ச்சி உள்ளே போகும் அதே வழியில் வாயில் இருக்கும் கிருமியும் போகும். குளிர்ச்சி உடனே தெரிகிறது, கிருமி நாள் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். பையனுக்கு ஐஸ் வாட்டர் சுள்ளென்பதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை அப்படியே காப்பாற்றுவதுதான் இப்போது நம் வேலை. சிரித்தால் அசிங்கமாகத் தெரிகிறதே என்பது அதற்கு அப்புறம்.

வெளிச்சத்தில் நிறுத்தி, மேலுதட்டை மெதுவாகத் தூக்கி, உடைந்த இடத்தை ஒருமுறை பாருங்கள். ஓரம் மட்டும் சில்லாகப் போய் வெள்ளையாகவே இருந்தால் எனாமல் மட்டும் உடைந்திருக்கிறது. அப்படியென்றால் ஓரிரு நாள் பொறுக்கலாம், நாக்கையும் உதட்டையும் கிழிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நடுவில் மஞ்சளாகத் தெரிந்தால் டென்டின் வரைக்கும் போயிருக்கிறது. உங்கள் பையனுடையது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கே, தவறினால் மறுநாள் காலையில் மூடியாக வேண்டிய ரகம் இது. மஞ்சளுக்கு நடுவே குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ, துடைத்த பிறகும் அந்த இடத்தில் ரத்தம் கசிந்தாலோ நரம்பே வெளியில் வந்துவிட்டது. அதற்கு நாள் பார்க்கக் கூடாது. விரலால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

அடுத்து, வேறு பல் முளைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். முளைக்காது. மேல் முன்பற்கள் இரண்டும் 7 அல்லது 8 வயதில் பால் பல் விழுந்து முளைத்துவிடும். 9 வயதுப் பையனின் வாயில் இருப்பது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பின்னால் பால் கடைவாய்ப் பற்கள் இன்னும் விழாமல் இருப்பதால், முன்னாலும் ஏதோ விழப்போகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்த வயதில் பெரியவர்களுக்கு இல்லாத ஒரு விஷயம் உண்டு. பல் வெளியே தெரிந்துவிட்டாலும் அதன் வேர் வளர்ந்து முடியவில்லை. முளைத்த பிறகு ஏறக்குறைய மூன்று வருஷம் வரைக்கும் வேர் நீண்டுகொண்டும், அதன் சுவர் தடித்துக்கொண்டும், நுனி மூடிக்கொண்டும் இருக்கும். அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் கூழ்தான். வீடு பாதி எழும்பியிருக்கும்போது கொத்தனாரை அனுப்பிவிட்டால் சுவர் எந்த உயரத்தில் நின்றதோ அங்கேயே நிற்கும். 9 வயதில் நரம்பு செத்துப்போன பல்லும் அப்படித்தான், மெல்லிய சுவரோடும் திறந்த நுனியோடும் நின்றுவிடும். பின்னால் அதற்கு எவ்வளவு வைத்தியம் செய்தாலும், ஈறு ஓரத்தில் முறியும் பயம் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பில் ரூட் கேனால், அதாவது கூழை முழுதாக எடுத்துவிட்டு அடைக்கும் சிகிச்சை, என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் நிதானிக்கச் சொல்வேன்.

டென்டின் வரைக்கும் மட்டும் உடைந்திருந்தால் பொதுவாக ரூட் கேனால் தேவைப்படாது. எக்ஸ்ரே எடுத்து வேரையும் எலும்பையும் பார்ப்பார்கள். நரம்புக்கு மிக அருகில் இருந்தால் அந்த இடத்தில் மருந்து வைத்து மூடி, மேலே துண்டை ஒட்டுவார்கள். துண்டு கிடைக்கவில்லை அல்லது பொருந்தவில்லை என்றால் பல் நிறத்திலேயே கம்போசிட் ஃபில்லிங் வைத்து உருவம் கொடுப்பார்கள். ஒரே உட்காரலில் முடிகிற வேலைதான். பல நேரம் மரத்துப்போகும் ஊசிகூட வேண்டியிருக்காது.

நரம்பு வெளியில் தெரிந்திருந்தாலும், வேர் வளரும் வயதில் முழு நரம்பையும் எடுப்பது முதல் தேர்வு அல்ல. மேலே இருக்கும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கூழை மட்டும் சுத்தமாக நீக்கி, ரத்தம் நின்றதும் மருந்து வைத்து மூடிவிடுவார்கள். மிச்சக் கூழ் பிழைத்துக்கொண்டு வேரை வளர்க்கும். ஸ்வீடனைச் சேர்ந்த பல் மருத்துவர் மியோமிர் ஸ்வெக் 1978-இல் இந்த முறையை 60 முன்பற்களில் செய்து பார்த்து எழுதினார். அவற்றில் 96 சதவீதம் பிழைத்தன. நரம்பு வெளியில் தெரிந்து சில நாள் கழித்து வந்த பற்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஆகவே தாமதமாகிவிட்டது என்று மனம் விட்டுவிட வேண்டாம். அதற்காகத் தாமதம் பரவாயில்லை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது அந்த மருந்து இன்னும் மேம்பட்டிருக்கிறது, முறை அதேதான். டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: "வேர் மூடிவிட்டதா? நரம்பைக் காப்பாற்ற முடியுமா?" இரண்டு கேள்விதான். எக்ஸ்ரேயைக் காட்டி இதற்குப் பதில் சொல்லாமல் "ரூட் கேனால், அப்புறம் கேப்" என்று மட்டும் சொன்னால் குழந்தைப் பல் மருத்துவர் ஒருவரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். கேப் போடுவதற்குப் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். 9 வயதுப் பல்லில் நரம்பு பெரிதாக, மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். கேப்புக்கு அவசரமே இல்லை, பெரியவனான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து நரம்பு செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. அடிபட்ட பல்லில் குளிர்ச்சி வைத்துப் பார்க்கும் சோதனை மூன்று மாதம் வரைக்கும் ஏமாற்றலாம். அடியின் அதிர்ச்சியில் உணர்ச்சி இல்லாமல் இருக்கும், அப்புறம் திரும்பிவிடும். பல் காயங்களுக்கான சர்வதேச சங்கம் 2020-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் குறைந்தது இரண்டு அறிகுறிகளாவது சேர்ந்து தெரிந்தால்தான் நரம்பு செத்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது.

சரி, கைவைத்தியத்துக்கு வருவோம். உங்கள் மாமியாரைக் குற்றம் சொல்லவில்லை, பதறிய நேரத்தில் கைக்கு எட்டியதைச் செய்திருக்கிறார். ஆனால் உடைந்த பல்லுக்குக் கிராம்புத் தைலம் வேண்டாம். சொத்தைப் பல்லில் வலியை மரத்துப்போகச் செய்யும், அந்தத் தைலத்தில் உள்ள அதே யூஜெனால், கம்போசிட் இறுகுவதைக் கெடுக்கும். துண்டை ஒட்டப் பயன்படும் பசையும் அந்த ஜாதிதான். ஈறிலும் உதட்டிலும் பட்டால் புண்ணாகும். ஞாயிறன்று தைலம் வைத்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒட்டும் முன் நன்றாகச் சுத்தம் செய்துகொள்வார். காபித்தூள், மஞ்சள்தூள், விபூதி எதையும் கிழிந்த உதட்டில் அப்பாதீர்கள். ரத்தம் நின்றது தூளால் அல்ல, அவர் அமுக்கிப் பிடித்ததால். வெறும் சுத்தமான துணியால் அமுக்கியிருந்தாலும் நின்றிருக்கும். இப்போது டாக்டர் அந்தத் தூளைக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும்.

ஃபெவிக்விக் போடாமல் விட்டீர்களே, அதற்கு ஒரு நன்றி. அது வாய்க்குள் போடச் செய்த பசை அல்ல. இறுகும்போது சூடாகும், திறந்திருக்கும் டென்டின் அதைத் தாங்காது. துண்டு ஒரு நூலிழை தள்ளி உட்கார்ந்தாலும் கடிக்கும்போது இடிக்கும். பிறகு அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் துண்டே வீணாகிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்குப் பக்கத்தில் அடக்கி வைக்கும் பழக்கமும் சிலருக்கு இருக்கிறது. ஈறு வெந்துபோகும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் விழுங்கவும் கொடுக்கக் கூடாது. வலி இருந்தால் பாராசிட்டமால் போதும். எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கும்போது 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பதைப் பாட்டிலில் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஒன்றில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு மருந்துள்ள சிரப்பும் அதே அலமாரியில் இருக்கும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பல் உடைந்த அந்த நிமிடத்தில் பல்லைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையைப் பாருங்கள். மயங்கினானா, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறானா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறானா, தூங்கித் தூங்கி விழுகிறானா? இதில் எது இருந்தாலும் பல் டாக்டரிடம் அல்ல, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், 108-ஐக் கூப்பிடுங்கள். மோவாய் தரையில் இடித்து விழுந்திருந்தால் காதுக்கு முன்னால் வலிக்கிறதா, வாய் முழுதாகத் திறக்கிறதா, பல்லைக் கடித்தால் மேலும் கீழும் வழக்கம்போலச் சேருகிறதா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் தாடை எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம், அல்லது பல் இடம் மாறியிருக்கலாம். பல் உடைந்த பரபரப்பில் பெற்றோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு வாயை வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் எடுக்காமல் அமுக்குங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. கன்னத்துக்கும் உதட்டுக்கும் வெளியே, கைக்குட்டையில் சுற்றிய ஐஸ் கட்டியை விட்டு விட்டு வையுங்கள். ஐஸ் பல்லில் படக் கூடாது. உடைந்த முனை கூராக இருந்து நாக்கைக் கீறினால், சர்க்கரை இல்லாத சூயிங் கம்மை மென்று அந்த முனையில் ஒட்டலாம். க்ளிப் போட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குக் கொடுத்த மெழுகு இன்னும் நல்லது.

அப்புறம் துண்டைத் தேடுங்கள். உங்கள் கணவர் டார்ச் அடித்துத் தேடியது உண்மையிலேயே பெரிய உதவி. பையனின் சொந்த எனாமல் அது, அதன் நிறமும் பளபளப்பும் எந்த ஃபில்லிங்கிலும் அப்படியே வராது. கிடைத்ததும் குழாய்த் தண்ணீரில் லேசாக அலசினால் போதும். டெட்டால், ஸ்பிரிட், பல்பொடி எதுவும் வேண்டாம். தண்ணீரிலோ பாலிலோ போட்டு வையுங்கள். டிஷ்யூ பேப்பரில் மடித்தால் காய்ந்துபோவது ஒரு பக்கம், வீட்டில் யாராவது குப்பை என்று போட்டுவிடுவது இன்னொரு பக்கம்.

தேடியும் துண்டு கிடைக்கவில்லை என்றால், அது எங்கே போயிற்று என்பதை டாக்டரிடம் கேள்வியாகவே வையுங்கள். உதடு கிழிந்து வீங்கியிருந்தால் துண்டு உதட்டுச் சதைக்குள்ளேயே புதைந்திருக்கலாம். மேலே தையல் போட்டுவிட்டால் உள்ளே கிடந்து சீழ் பிடிக்கும். உதட்டுக்கு ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். விழுங்கியிருந்தால் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். விடாத இருமல், இழுப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் மூச்சுக் குழாயில் போயிருக்கலாம், அது அவசரம். மண்ணில் விழுந்து காயம் பட்டிருந்தால் பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப்போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பார்கள்.

பல் உடையாமல் வேரோடு கழன்று கையில் வந்துவிட்டால் கணக்கே வேறு. உங்களுக்கு இப்போது அது தேவை இல்லாவிட்டாலும், பார்க்கிங்கில் ஆடும் மற்றப் பிள்ளைகளுக்காகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நாளோ மணியோ அல்ல, நிமிடம்தான் பேசும். வெள்ளையாக இருக்கும் மேல்பாகத்தை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடக் கூடாது. வேரின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய திசு ஒட்டியிருக்கும். பல் மறுபடி எலும்பைப் பிடித்துக்கொள்வது அதை வைத்துத்தான். அழுக்காக இருந்தால் ஓடும் தண்ணீரில் சில விநாடி மட்டும் காட்டி, வந்த குழியிலேயே சரியான பக்கமாகச் செருகி, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லி டாக்டரிடம் ஓட வேண்டும். கேட்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்திலேயே செருகப்பட்ட பல்தான் அதிகம் பிழைக்கிறது. முடியவில்லை என்றால் பாலில் போடுங்கள். இங்கே தண்ணீர் கூடாது, தண்ணீரில் ஊறினால் அந்தத் திசு வெடித்துச் செத்துப்போகும். உடைந்த துண்டுக்குத் தண்ணீர் சரி, வேரோடு வந்த பல்லுக்குத் தண்ணீர் தப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பால் என்றால் டீக்கடைப் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் பால் அல்ல, பக்கத்துக் கடையில் ஃப்ரிட்ஜில் இருக்கும் ஆவின் பாக்கெட். நீலமா பச்சையா என்று பார்க்க வேண்டாம். மோரும் தயிரும் புளிப்பு, வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் செருகிவிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதெல்லாம் நிரந்தரப் பல்லுக்கு மட்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் பால் பல் கழன்று விழுந்தால் திரும்பச் செருகவே கூடாது, மேலே வளர்ந்துகொண்டிருக்கும் பல்லின் முளையில் இடித்துவிடும்.

எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செலவை நினைத்துத் தள்ளிப்போட்டிருப்பீர்களோ என்று ஒரு சந்தேகம். சென்னைக் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953-இல் தொடங்கியது. குழந்தைப் பல் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவே அங்கே உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். ராத்திரி நேரத்தில் உதடு கிழிந்து ரத்தம் நிற்கவில்லை என்றாலோ தலையிலும் அடி என்றாலோ உங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி கிட்டே, இல்லாவிட்டால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. சீடையோ கல்லோ கடித்துக் கடைவாய்ப் பல்லில் சில் பெயர்ந்தால் முதலுதவி இதேதான். ஆனால் அங்கே பழைய ஃபில்லிங் உடைந்ததா, பல்லிலேயே விரிசல் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். கடித்துவிட்டு விடும்போது மின்னல் மாதிரி வலித்தால் விரிசல் என்று சந்தேகப்படுங்கள். சோடா மூடியைப் பல்லால் திறப்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒட்டிய துண்டு முன்பிருந்த பல்லின் பலத்தோடு இருக்காது. முறுக்கு, தட்டை, கரும்பு, முழுக் கொய்யா இவற்றை முன்பல்லால் கடிக்க விடாதீர்கள். நறுக்கிக் கொடுத்துப் பக்கப் பல்லால் மெல்லச் சொல்லுங்கள். முதல் ஓரிரு வாரம் இட்லி, இடியாப்பம், தயிர்சாதம் மாதிரி மெத்தென்றது நல்லது. பல் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம், மிருதுவான பிரஷ்ஷால் அந்தப் பல்லையும் சேர்த்துத் தேய்க்கட்டும். என்றைக்காவது துண்டு மறுபடி பெயர்ந்தால் பதற வேண்டாம். தண்ணீரில் போட்டு எடுத்துப் போங்கள், மறுபடி ஒட்டலாம்.

ஒட்டியாகிவிட்டது, கதை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஒருமுறை, ஒரு வருஷத்தில் ஒருமுறை காட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பக்கத்தில் உள்ள முன்பல்லையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடையாத பல்லும் அடி வாங்கியிருக்கும். நரம்பு வெளியில் தெரிந்து மருந்து வைத்து மூடியிருந்தால் நடுவே மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் கூடுதலாகப் போக வேண்டும். எக்ஸ்ரேயில் வேர் நீண்டிருப்பதைப் பார்த்துவிட்டால் நரம்பு பிழைத்தது உறுதி. இடையில் பல் சாம்பல் நிறத்துக்கு மாறினாலோ, மேலே ஈறில் பரு மாதிரி கிளம்பினாலோ, ராத்திரி தூக்கத்தில் வலித்து எழுந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். பரு வந்த பிறகு வலி குறையும். சீழுக்கு வழி கிடைத்துவிட்டதால் குறைவது அது, குணமானதால் அல்ல.

விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை, ஒரு இரண்டு வாரம் மட்டும் ஓய்வு போதும். பையனுக்கு மேல் முன்பல் கொஞ்சம் தெத்தாக நீட்டியிருந்தால் அதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். முன்னால் நீட்டிய பல்தான் முதலில் அடிபடும், க்ளிப் எப்போது போடலாம் என்று சொல்வார். நாளைக்கு வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து கால்பந்து, பாக்சிங் என்று கிளம்பினால் பல் கவசம் அவசியம். ஸ்போர்ட்ஸ் கடைகளில் வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்து அளவெடுக்கும் ரகம் கிடைக்கும். ஒட்டிய பல் இருப்பதால் டாக்டரிடம் காட்டிவிட்டு அளவெடுங்கள். இந்த வயதில் பற்கள் விழுந்தும் முளைத்தும் வருவதால் அது சீக்கிரம் அளவு சேராமல் போகும், அப்போது புதிது வாங்க வேண்டியிருக்கும்.